மேற்கு ஓரத்திலிருந்து ஒரு குதிரைக்காரன்

என் வீட்டுக்காரர் ஒரு போரில் பதினொரு வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தார். ஒரே போர். வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரு சனிக்கிழமை, எங்கள் கூடத்தில். சாப்பாட்டு மேஜை நடுவில், அதன் இரண்டு பக்கமும் கழற்றிச் சேர்த்த இரண்டு கதவுகள். அதில் ஒன்று குளியலறைக் கதவு. அன்றைக்கு எங்கள் வீட்டில் குளிக்கிறவர்கள் பாடிக்கொண்டேதான் குளிக்க வேண்டும்.

போர் நிஜமாக நடந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். பெயரைச் சொல்ல மாட்டேன். அதை எப்படி உச்சரிப்பது என்பதற்கே இவர் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். கதை இதுதான்: ஒரு மார்ஷல் குன்றின் மேல் நின்றுகொண்டு, காட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தன் பாதிப் படைக்கு ‘உடனே வா’ என்று எழுதி அனுப்பினான். கொண்டுபோன ஆள் வழி தவறினான். கடிதம் சாயங்காலம் போய்ச் சேர்ந்தது. அதற்குள் மார்ஷலின் கதை முடிந்துவிட்டது.

செத்து நூற்றைம்பது வருஷம் ஆன அந்த ஆளுக்காக இவர் படுகிற வருத்தம் இருக்கிறதே, கூடப் பிறந்தவன் செத்திருந்தால்கூட அவ்வளவு வராது. “அவன் முட்டாள் இல்ல. தகவல் நேரத்துக்குப் போய்ச் சேரல. அது ஒண்ணுதான் தப்பு” என்பார். அதை நிரூபிக்கத்தான் வருஷா வருஷம் அந்த மார்ஷலாக நின்றார். வருஷா வருஷம் தோற்றார். தோற்றபின் பகடை சரியில்லை, மேஜை சரியில்லை, குன்று அரை அங்குலம் தள்ளியிருந்தது என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

பிழைப்புக்கு இவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நல்ல கண் பரிசோதகர், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கடையில் ஆள் இல்லாதபோது, பூதக்கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு, சுண்டுவிரல் உயர ஈயச் சிப்பாய்களுக்குச் சட்டைப் பொத்தான் வரைவார். ஆயிரத்து நூற்று நாற்பது சிப்பாய்கள். குதிரைப்படைக்காரனுக்கு எட்டுப் பொத்தானா ஒன்பது பொத்தானா என்று ஏதோ ஒரு தேசத்து அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுதி, பதில் வரும்வரை ஏழு மாதம் அறுபது பேரைப் பொத்தானே இல்லாமல் நிறுத்தி வைத்திருந்தார். என் ரவிக்கையில் கொக்கி போய் ஒரு வாரம் பின்னூசியோடு அலைந்தேன், அது அவர் கண்ணில் படவில்லை.

எதிரி, பல் டாக்டர். நான்கு கடை தள்ளி அவருடைய மருத்துவமனை. மேஜையின் குன்றுகள் எல்லாம் அவர் பல் அச்சு எடுக்கிற மாவில் செய்து கொடுத்தவை. சாதுவான மனிதர், ஊசி போடும்போது நோயாளிக்கு முன்னாலேயே கண்ணை மூடிக்கொள்வார் என்று சொல்வார்கள். ஆனால் பதினொரு வருஷமும் ஜெயித்தது அவர்தான்.

மூன்றாவது ஆள் என் கொழுந்தன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறான். அண்ணன் பக்கத்துக் குதிரைப்படைக்கு அவன்தான் தலைவன். போன வருஷம் எதிரியைப் பார்த்துப் பாய வேண்டிய குதிரைகளை நேராக ஆற்றுக்குள் இறக்கினான். தினமும் சாலையில் இவன் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டக் கற்கிறவர்களை நினைத்து நான் கவலைப்பட்டேன்.

நடுவர் நான். ஏனென்றால் இதைப் பற்றி எனக்கு எந்த அக்கறையும் இல்லை என்பது ஊரறிந்த விஷயம். நடுவருக்கு வேறென்ன தகுதி வேண்டும்? நாடாவைப் பிடித்து அங்குலம் அளக்க வேண்டும், பகடை விழுந்தால் எண்ணைச் சொல்ல வேண்டும், சண்டை வந்தால் விதிப் புத்தகத்தைப் பிரிக்க வேண்டும். நாற்பத்தாறு பக்க விதிப் புத்தகம். இவரே எழுதி, இவரே அச்சடித்து, இவரே அட்டை போட்டது.

அதில் இவருக்கு உயிரான பகுதி செய்தி அனுப்புவதைப் பற்றியது. போர் தொடங்கிவிட்டால் தளபதிகள் வாயால் பேசக்கூடாது. எதுவானாலும் சீட்டில் எழுதி மடித்து, ஒரு குதிரைக்கார பொம்மையின் அடியில் வைக்க வேண்டும். அந்தக் குதிரைக்காரன் சுற்றுக்கு எட்டு அங்குலம் நகர்வான். போய்ச் சேர்ந்த பிறகுதான் பிரித்துப் படிக்கலாம். வழியில் எதிரி சுட்டுவிட்டால் சீட்டு எதிரி கைக்குப் போகும். எதிரி படிக்கலாம், வெளியே சொல்லக் கூடாது.

இனி என் சமாச்சாரத்துக்கு வருகிறேன். நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். குழாய்த் தண்ணீரைக் குப்பியில் பிடித்து, அதில் என்ன கிருமி இருக்கிறது, எவ்வளவு குளோரின் இருக்கிறது என்று பார்த்து எழுதுகிற வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் மூன்று தலைமை அதிகாரிகளுக்கு வேலை கற்றுக்கொடுத்திருக்கிறேன். மூன்று பேரும் என்னிடம் கற்றுக்கொண்டு எனக்கு மேலே போய் உட்கார்ந்தார்கள். இந்த வருஷம்தான் மேலிடத்துக்குக் கண் திறந்தது. ரயிலில் எட்டு மணி நேரத் தொலைவில் ஒரு புதுப் பரிசோதனைக் கூடம் திறக்கிறார்கள், அதற்குத் தலைமையாக நீ போ என்றார்கள். இயக்குநர் அம்மா கூப்பிட்டுச் சொன்னபோது நான் அங்கேயே அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தாலும் அழுதேன்.

“சனிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லிடுங்க. அதுக்கு மேல பட்டியல் போயிடும், என் கையில இல்ல” என்றார் அந்த அம்மா.

எனக்கு இவரை விட்டுவிட்டுப் போகும் உத்தேசம் இல்லை. கண் இல்லாத ஊர் ஏது, கடையை அங்கேயும் வைக்கலாம். மகள் படிப்பு முடித்து வேலைக்குப் போய்விட்டாள். வாருங்கள் என்றால் வருவார் என்று ஒரு நம்பிக்கை. வேண்டாம் என்றால்? வேண்டாம் என்றால் நானும் போக மாட்டேன். அப்படித்தான் அன்றைக்கு என் புத்தி இருந்தது. ஆனால் எது என்றாலும் அவர் வாயால் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை ஆரம்பித்தேன். “என்னங்க, ஆபீஸ்ல ஒரு விஷயம்...”

“சுருக்கமா சொல்லு, பெயிண்ட் காயுது” என்றார். சுருக்கமாகச் சொல்கிற விஷயமா அது?

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் ஆரம்பித்தேன். குழம்புக் கிண்ணத்தை நகர்த்தி, உப்பு டப்பாவை அதன் பின்னால் வைத்து, “பீரங்கிய இங்க வெச்சா டாக்டர் என்ன பண்ணுவாரு?” என்று என்னைக் கேட்டார். வெள்ளிக்கிழமை, “சனிக்கிழமை முடியட்டும்மா, அப்புறம் ஆற அமர பேசலாம்” என்றார். ஆற அமர. கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக அந்த ஆற அமரவை நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போர் தொடங்கியது. மத்தியானம் இரண்டு மணிக்கு டாக்டர் வழக்கம்போல் முன்னேறிக்கொண்டிருந்தார், இவர் வழக்கம்போல் குன்றின் மேல் இருந்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அங்குலம் அளந்துகொண்டிருந்தேன். இரண்டு பத்துக்கு நாடாவை மேஜைமேல் வைத்துவிட்டு, “என்னங்க, ஒரு ரெண்டு நிமிஷம் உள்ள வாங்க” என்றேன்.

கையை உயர்த்தினார். “போர் நடக்கும்போது தளபதிகிட்ட நேரா பேசக்கூடாது.”

“இது போர் விஷயம் இல்லங்க. எனக்கு இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள...”

“எந்த விஷயமா இருந்தாலும் சரி. போன வருஷம் நீ டீ கொண்டு வந்து வெச்சப்ப, கரண்டி எந்தப் பக்கம் திரும்பியிருந்துச்சோ அந்தப் பக்கம்தான் நான் படைய நகர்த்துனேன்னு டாக்டர் சொல்லல?”

“நான் விளையாட்டுக்குச் சொன்னேன் மார்ஷல்” என்றார் டாக்டர் பாவமாக.

“விளையாட்டுன்னாலும் சொன்னீங்கல்ல. என் பொண்டாட்டிங்கறதுக்காக ஒரு சலுகையும் கிடையாது. எழுதிக் குடு. மேற்கு ஓரத்துல குதிரைக்காரன் வருவான்.”

கத்தியிருக்கலாமே என்பீர்கள். மேஜையையே கவிழ்த்திருக்கலாமே என்று என் தங்கை இன்றுவரை கேட்கிறாள். இருபத்தாறு வருஷம் கத்தியவளுக்குத்தான் தெரியும் கத்துவதன் பலன். அன்றைக்கு எனக்கு ஒரு வீம்பு வந்தது. சரி, உன் வழியிலேயே வருகிறேன், உன் குதிரையிலேயே வருகிறேன், அப்போதாவது என்ன செய்கிறாய் பார்க்கலாம்.

சீட்டில் எழுதினேன்: ‘எனக்குத் தலைமைப் பதவி கொடுத்திருக்கிறார்கள். வேறு ஊர். ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்களும் வருவீர்களா? நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் நான் போகவில்லை.’

மடித்து வைத்தேன். மேற்கு ஓரத்திலிருந்து குன்றுக்கு நாற்பத்தெட்டு அங்குலம். சுற்றுக்கு எட்டு அங்குலம் என்றால் ஆறு சுற்று. ஒரு சுற்று முடிய இருபத்தைந்து நிமிஷம் ஆகிறது. மணி இரண்டேகால். நாலே முக்காலுக்குப் போய்ச் சேரும். பரிசோதனைக் கூடத்தில் அரை துளி அளக்கிறவளுக்கு இது ஒரு கணக்கா? பதினைந்து நிமிஷம் மிச்சம் இருக்கிறது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். என்னை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

முதல் சுற்றில் என் குதிரைக்காரன் பாலத்தைத் தாண்டினான். பழுப்புக் குதிரை, கையில் நூலளவு வாள், சட்டையில் ஒன்பது பொத்தான். இரண்டாவது சுற்றில் கொழுந்தனுடைய குதிரைப்படை வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

“தம்பி, கொஞ்சம் தள்ளி நிறுத்துப்பா” என்றேன்.

“நடுவர் யோசனை சொல்லக்கூடாது அண்ணி” என்றான். இவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மூன்று வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். அதுவும் யோசனைதான், அப்போது வாங்கிக்கொண்டான்.

நல்லவேளை, அந்தச் சுற்றிலேயே அவனாகவே தப்பான திசையில் பாய்ந்து வழிவிட்டான். மூன்றாவது, நான்காவது சுற்று நல்லபடியாகப் போயிற்று. நாடாவைப் பிடிக்கிற என் கை வேர்த்து நாடாவில் ஒட்டியது. ஐந்தாவது சுற்றில் குதிரைக்காரன் காட்டோரமாக வந்தான். காடு என்றால் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரை வெட்டி நட்டு வைத்தது. அதற்குள் டாக்டரின் ஆட்கள் நான்கு பேர் பதுங்கியிருந்தார்கள்.

டாக்டர் தயங்கினார். “சுடணுமா?”

“நடுவர் முன்னால என்ன கேள்வி, சுட வேண்டியதுதான். உங்க இடத்துல நான் இருந்தா சுடுவேன்” என்றார் இவர், பெருந்தன்மையாக.

ஆறு விழுந்தால் சாவு. டாக்டர் பகடையை உருட்டினார். ஆற்றோரம் வரை உருண்டு போய் நின்றது.

“ஆறு” என்றேன். நடுவர் நான்தானே, நான்தான் சொல்ல வேண்டும்.

குதிரைக்காரனைப் படுக்க வைத்து, சீட்டை டாக்டரிடம் நீட்டினேன். குன்றுக்கு இன்னும் எட்டு அங்குலம். இவர் கையை நீட்டியிருந்தால் எடுத்திருக்கலாம்.

டாக்டர் சீட்டைப் பிரித்தார், படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார். மனிதருக்கு முகம் வெளிறிவிட்டது.

“மார்ஷல், இது நீங்க படிக்கணும்.”

“ஏன்?”

“படிங்க. போர் சமாச்சாரம் இல்ல இது. வீட்டு விஷயம்.”

இவர் சிரித்தார். விவரம் தெரிந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு. “பதினோரு வருஷமா உங்கள பாக்குறேன் டாக்டர். வீட்டு விஷயம்னு சொல்லி என் கவனத்த இந்தப் பக்கம் இழுத்துட்டு, அந்தப் பக்கம் பாலத்த பிடிக்கப் போறீங்க. எதிரி கையில சிக்குன செய்திய எதிரி வாயால கேட்டா, நான் தளபதியா? பைக்குள்ள வைங்க.”

“அண்ணே, ஒருவேளை நெசமாவே...” என்றான் கொழுந்தன்.

“வாயால பேசாத. எழுதி அனுப்பு” என்றார்.

டாக்டர் சீட்டைப் பைக்குள் வைத்தார். இவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க, ஒரு முழு வாரமும் ஐந்து சுற்றுக் குதிரையும் போதவில்லை என்றால், ஆறாவது சுற்றில் மட்டும் என்ன வந்துவிடப்போகிறது? எனக்கு முதலில் கோபம் வரவில்லை. அவமானமாக இருந்தது. டாக்டரும் கொழுந்தனும் பார்க்க என் பிழைப்பு அந்த மேஜையில் மல்லாந்து கிடந்தது. கோபம் பின்னால், சமையலறைக்கு நடந்து போகும்போது வந்தது, அது நன்றாகவே வந்தது.

சமையலறைக்குள் டாக்டர் பின்னாலேயே வந்தார். “மேடம், நான் வேணும்னா அவர தனியா கூப்பிட்டுச் சொல்றேன்.”

“நீங்க எதிரிப்படை டாக்டர். நீங்க சொன்னா ஆட்டமே செல்லாதுன்னுடுவாரு.”

“அதுக்காக இப்படியே விடறதா?”

“உங்க சுற்று போய்க்கிட்டிருக்கு. போங்க.”

நாலு ஐம்பத்திரண்டுக்கு இயக்குநர் அம்மாவுக்குப் போன் போட்டேன். வருகிறேன் என்றேன். அந்த அம்மா சந்தோஷப்பட்டார். “குவார்ட்டர்ஸ் ரெண்டு பேருக்கா, ஒருத்தருக்கா? ஒருத்தருக்குன்னா உடனே கிடைக்கும்” என்றார்.

“ஒருத்தருக்கு” என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது. போனை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வந்து நாடாவை எடுத்தேன். பொறுப்பான நடுவர் அல்லவா. அடுத்த முக்கால் மணி நேரத்தில் பதினொரு வருஷத்தில் நடக்காதது நடந்தது. டாக்டருக்கு மனம் ஆட்டத்தில் இல்லை. பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, காவல் படையை முன்னால் கொண்டுவர மறந்தார். இவருடைய ‘உடனே வா’ சீட்டு எந்த இடைஞ்சலும் இல்லாமல் காட்டைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தது. கொழுந்தன்கூட முதல் தடவையாக எதிரி இருக்கிற திசையில் பாய்ந்தான். ஐந்தே முக்காலுக்கு டாக்டர் பகடையைக் கீழே வைத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் ஜெயித்துவிட்டார். நாற்காலியில் ஏறி நிற்கவில்லை, மற்றதெல்லாம் செய்தார். கொழுந்தனைக் கட்டிக்கொண்டார். டாக்டர் கையைக் குலுக்கினார். கண்ணில் தண்ணீர் நின்றது, பொய் சொல்ல மாட்டேன். என் பக்கம் திரும்பி, “பாத்தியா? தகவல் மட்டும் நேரத்துக்குப் போயிருந்தா அவன் ஜெயிச்சிருப்பான்னு நான் சொல்லல?” என்றார்.

“சொன்னீங்க” என்றேன். “எனக்கு வேற ஊர்ல தலைமைப் பதவி குடுத்திருக்காங்க. வரேன்னு சொல்லிட்டேன். பதினாலாம் தேதி கிளம்பறேன்.”

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, அதை என்ன செய்வதென்று தெரியாதவர்போல. “எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காமலா?”

டாக்டர்தான் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. “கேட்டாங்க மார்ஷல்.” பைக்குள்ளிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தார். பிறகு கொழுந்தனைத் தோளில் தட்டி வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பண்பு அவருக்கு உண்டு.

இவர் பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். நாலே வரி. முதலில் கண்ணால் படித்தார், பிறகு உதட்டை அசைத்துப் படித்தார், பிறகு வெகுநேரம் கடைசி வரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வேணாம்” என்றார். குரல் உடைந்திருந்தது. “இப்ப சொல்றேன். போக வேணாம். நீ இல்லாம நான் என்ன பண்ணுவேன்?”

இருபத்தாறு வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டதில்லை. நடிப்பு இல்லை, மனத்திலிருந்துதான் கேட்டார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, என் கண்ணும் கலங்கியது. மேஜைமேல் விழுந்து கிடந்தவர்களை எடுத்து ஒவ்வொருவராகப் பெட்டிக்குள் அடுக்கினேன், பெட்டியை அவர் கையில் கொடுத்தேன், பதினாலாம் தேதி ரயில் ஏறினேன்.

இங்கே எனக்குக் கீழே பதினாறு பேர் வேலை செய்கிறார்கள். என் கையெழுத்து இல்லாமல் இந்த ஊரில் ஒரு குழாயில் தண்ணீர் திறக்க முடியாது. சில நாள் கையெழுத்துப் போடும்போது, அந்த ‘வேணாம்’ நாலே முக்காலுக்கே என் கைக்கு வந்திருந்தால் என்று நினைத்துப் பார்ப்பேன். நிச்சயமாக நின்றிருப்பேன். அதுவும் சந்தோஷமாக நின்றிருப்பேன். அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் பகீரென்கிறது.